தாடி விட்ட மூலை

நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் உலகத்தில் இருக்கும்வரை புல்லுக்காரியின் பிழைப்புக்குக் குறைவில்லை. ஆசை ஆசையாக வாங்குவார்கள், சுற்றிலும் கம்பி கட்டுவார்கள், வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது விற்க வேண்டும் என்று தோன்றும்போதுதான். அதற்குள் கோரையும் ஆமணக்கும் முள்செடியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தன் நிலம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொந்தக்காரனே தேட வேண்டியிருக்கும். அப்போது அவளுக்குப் போன் வரும்.

அவளிடம் இருந்தது ஒரு சின்ன டிராக்டர். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பிள்ளை மாதிரி இருக்கும். சிவப்புப் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. சீட்டின் மேல் பழைய மெத்தைத் துண்டு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பின்னால், தட்டையான இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தாற்போல புல்வெட்டி. அதற்கடியில் சுற்றும் கனத்த பிளேடுகளுக்கு எதிரில் வருவது புல்லா, கட்டைவிரல் பருமன் செடியா என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது. எல்லாவற்றையும் அடித்துத் தூளாக்கிவிடும். கல்லும் கம்பியும் மட்டும்தான் அதற்கு எமன்.

அதனால் எடுத்த எடுப்பில் வண்டியை நிலத்தில் இறக்கமாட்டாள். முழங்கால்வரை பூட்ஸ் போட்டு, நீளமான கம்பு ஒன்றால் தட்டித் தட்டி முதலில் நிலம் முழுக்க நடப்பாள். பாறையோ அடிக்கட்டையோ மூடாத குழியோ இருந்தால் அங்கே ஒரு குச்சியை நட்டுத் துணி கட்டுவாள். வெட்டும்போது அந்த இடத்தைச் சுற்றி ஒரு கொத்துப் புல்லை வெட்டாமல் விட்டுவிடுவாள். தொழிலில் இருப்பவர்கள் அதைத் தாடி என்பார்கள். மழுமழுவென்று சவரம் செய்த முகத்தில் மோவாயில் மட்டும் கத்தி படாமல் தப்பினாற்போல இருக்கும். தாடி தெரிந்தால் அடுத்து வருகிற வண்டிக்காரன் ஒதுங்கிப் போவான். அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற மரியாதை அது, வேறு மரியாதை அந்தத் தொழிலில் பெரிதாக ஒன்றும் இல்லை.

டிராக்டர் அவளுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான், அவள் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். திரும்பிய கொஞ்ச நாளில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்றுப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரிக்க வந்தபோது அவளையும் உட்காரவைத்துப் பேசினார்கள். "நிலத்த வச்சுக்கிட்டு நீ ஒண்டியா என்ன பண்ணப்போற?" என்று அண்ணன் கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான், அதுதான் அவனுடைய திறமை. நிலத்துக்குப் பதிலாக, வருஷக்கணக்கில் ஸ்டார்ட் ஆகாமல் கொட்டகையில் கிடந்த டிராக்டரை அவளுக்குக் கொடுத்தார்கள். நிலத்தின் கடைசி மூலையில் இருக்கும் மோட்டார் ரூமில் அவள் காலம் முழுக்க இருந்துகொள்ளலாம் என்று வாயால் சொன்னார்கள். கூடப்பிறந்தவர்கள் சொன்ன வார்த்தை. அதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

டிராக்டரை அவள் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவாள் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தான். அவள் அதை மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனாள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் அந்த ஆளுக்கு ஸ்பேனர் என்றே பெயர். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது வண்டி இல்லம்மா, சாமான்" என்றார். ஆனாலும் அந்தச் சாமானை ஓடவைத்தார். ஓட்டவும் அவளே பழகிக்கொண்டாள். மேட்டில் குறுக்கே போனால் சின்ன வண்டி சாய்ந்துவிடும், நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். என்ஜின் வேகமாக ஓட வேண்டும், சக்கரம் மெல்ல நகர வேண்டும். புல்லின் விதைப் பஞ்சு ரேடியேட்டரை அடைத்துக்கொள்ளும், நடு நடுவே நிறுத்தித் துடைக்காவிட்டால் வண்டி கொதித்துவிடும். எல்லாம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இத்தனை பேர் நிலத்தை வெட்டுகிறவள் குடியிருந்த நிலம் மட்டும் காடாகக் கிடந்தது. ஒருமுறை அவளாகவே வண்டியை இறக்கி முன்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே அண்ணன் போன் பண்ணினான். "யாரு உன்ன வெட்டச் சொன்னா? இன்னிக்கு வெட்டுவ, நாளைக்கு நான்தானே பராமரிச்சேன்னு பங்கு கேப்ப." அதோடு விட்டுவிட்டாள். மதிலோரமாக வளைந்து மோட்டார் ரூமுக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேருகிற தடத்தை மட்டும் வண்டி நுழைகிற அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அண்ணனும் தம்பியும் வளர்த்த காடு.

அந்த அண்ணன்தான் ஒரு நாள் பழப்பையும் கையுமாக மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் அந்த ரூமுக்கு வந்ததே கிடையாது. கட்டில்மேல் மடிக்காமல் கிடந்த துணியை அவசரமாக ஒதுக்கி இடம் பண்ணினாள். அவன் உட்கார்ந்து, தகரக் கூரையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், ஜன்னலில் வரிசையாக இருந்த கிரீஸ் டப்பாக்களைப் பார்த்தான்.

"நல்லாத்தான் வச்சிருக்க."

"இருக்கேண்ணே. காபி போடவா?"

"அதெல்லாம் வேணாம். ஒரு நர்சரிக்காரர் நிலம் கேட்டு வர்றாரு. செடி வளக்க எடம் தேடுறாராம். இந்தக் காட்டப் பாத்தா வந்த காலோட திரும்பிடுவாரு. வெளி ஆளக் கூப்பிட்டா மேலால மேஞ்சுட்டுப் போயிடுவான். நீ பண்ணினா அது வேற. நம்ம வேலன்னு பாத்துப் பண்ணுவ."

நம்ம வேலை என்ற வார்த்தை அவளுக்கு எங்கேயோ போய்த் தொட்டது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நிலத்த வித்தா நான் எங்கண்ணே போவேன்?"

அவன் சிரித்தான். "உன்ன நடுத்தெருவுல விட்டுடுவேனா? இந்த மூலைய விட்டுட்டுத்தான் விக்கிறேன். ஒண்ணு பண்ணு. மத்ததெல்லாம் சுத்தமா வெட்டிடு. இந்த ரூம சுத்தி மட்டும் ஒரு புல்லக்கூடத் தொடாத. அப்படியே நிக்கட்டும். பாக்குறவனுக்கு இது உன்னோடதுன்னு தெரியணும்ல?"

அவன் போன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தன் வீட்டு ஆட்கள் வாயிலிருந்து 'உன்னோடது' என்ற வார்த்தை வராதா என்று காத்திருந்தவள். பழப்பையைப் பிரித்தால் எல்லாப் பழமும் ஒரு பக்கம் கனிந்து அழுகியிருந்தது. கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, அழுகலை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூலிக்கு நடப்பதைவிட மெதுவாக நடந்தாள். வடக்கு ஓரத்தில் அவள் பூட்ஸுக்கடியில் ஏதோ நொறுங்கியது. கோரையை விலக்கினால் உடைந்த டைல்ஸ், குவியல் குவியலாக. அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தான். கடையில் உடைந்ததையெல்லாம் வேனில் கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறான். அவள் ஒரு புல்லை வெட்டினால் பராமரிப்பு, அவன் ஒரு லோடு குப்பை கொட்டினால் உரிமை. வேறு நிலமாக இருந்தால் பெரிய தாடியாக விட்டுவிட்டுப் போயிருப்பாள். இது நம்ம வேலை ஆயிற்றே. பிளேடில் பட்டால் டைல்ஸ் துண்டு கத்தி மாதிரி பறக்கும் என்பதால், ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, கூடையில் சுமந்து மதிலோரம் அடுக்கினாள். ஒரு துண்டு கையுறையையும் தாண்டி விரலைக் கிழித்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி பொறுக்கினாள்.

பிறகு வண்டியை இறக்கினாள். முதல் சுற்றுக்குப் புல்வெட்டியை உயரத் தூக்கி வைத்து, ஆமணக்கின் தலையை மட்டும் சாய்த்தாள். நிலத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக வட்டம் போட்டு வந்தாள். ஓரத்திலிருந்து உள்ளே போனால் முயலும் எலியும் நடுவில் மாட்டிக்கொண்டு பிளேடில் சிக்கும். நடுவிலிருந்து வந்தால் அவை ஓடிப் போக வழி இருக்கும். இரண்டாவது சுற்றுக்குப் பெட்டியைத் தாழ்த்தி, ஒட்ட வெட்டினாள். முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. புல்லின் தூள் மூக்கிலும் காதிலும் புகுந்தது. புல்வெட்டியைச் சுழற்றும் ஷாஃப்டில் கொடி சுற்றிக்கொள்ளும்போதெல்லாம் இறங்கிக் கீழே படுத்துக் கத்தியால் அறுத்து எடுத்தாள். கூலிக்கு வெட்டும் இடத்தில் ஒரு சுற்றோடு முடிப்பவள் இங்கே மூன்றாவது சுற்றும் போனாள்.

வேலை முடிந்து ரோட்டிலிருந்து பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. பாய் விரித்த மாதிரி பச்சையாகக் கிடந்தது நிலம். கடைசி மூலையில் மட்டும் மோட்டார் ரூமைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது ஒரு தாடி. முன்பக்கமிருந்து பார்த்தால் கூரைகூடத் தெரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நிறைவாக இருந்தது. மற்றவர்களுக்குத் தாடி என்றால் அங்கே ஆபத்து. அவளுக்கு அன்று அது எல்லைச் சுவர்.

நர்சரிக்காரர் வரும் அன்று காலையிலேயே அண்ணன் தேய்த்த சட்டையில் வந்து இறங்கினான். கூடவே தம்பி. தம்பி போன் கடையில் வேலை பார்த்தான். அண்ணனைவிட நல்லவன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே எதிலும் வாய் திறக்கமாட்டான். அவள் மதிலோரத்தில் மிச்சமிருந்த விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, என்ஜின் சத்தத்தை மீறிக் குனிந்து சொன்னான்.

"அவரு வந்தா, அண்ணே தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்காத. வியாபாரம் பேசுற எடம். பொம்பளப் பங்கு ஏதாவது இருக்குமோன்னு சந்தேகப்படுவாரு."

"சரிண்ணே."

"அதான் சொல்றேன், அண்ணேன்னு சொல்லாதன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

நர்சரிக்காரர் துணித் தொப்பி வைத்த வயதான மனிதர். காரிலிருந்து இறங்கியதும் பேச்சுக்கு வராமல், குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். பிறகு வெட்டிய புல்லின் தாளைக் கிள்ளிப் பார்த்தார். "பிளேடு நல்லா தீட்டியிருக்காங்க. நார் நாராக் கிழியாம அறுத்திருக்கு. யாரு வெட்டினது?"

"வாடகை வண்டிங்க" என்றான் அண்ணன், கையை அவள் பக்கம் பொதுவாகக் காட்டி. "டிரைவரம்மா அங்க நிக்கிறாங்க பாருங்க."

டிரைவரம்மா வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றாள். சொல்லிவைத்ததுதானே, சொன்னபடிதானே நடக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இருந்தாலும் சுருக்கென்றது. தம்பியைப் பார்த்தாள். அவன் பேன்ட்டில் ஒட்டிக்கொண்ட புல்முள்ளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

நிலத்தைச் சுற்றி வந்த நர்சரிக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "மண்ணு நல்லாருக்கு. தண்ணி எங்க?"

"போர் இருக்குங்க, மோட்டார் ரூமோட. அதோ அந்த மூலைல."

"ரூம்ல யாராவது இருக்காங்களா?"

"சேச்சே. காலிங்க. பூட்டிப் பல வருஷம் ஆச்சு."

அவள் காதில் அது விழுந்தது. விழுந்ததும் புரிந்துவிடவில்லை. வியாபாரத்துக்காக ஏதோ சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். நர்சரிக்காரர் நெற்றியில் கை வைத்து மூலையைப் பார்த்தார்.

"அங்க மட்டும் ஏன் இவ்ளோ பெரிய தாடி விட்டிருக்கீங்க? குழியா?"

தொழில் தெரிந்த மனிதர். அண்ணனுக்குத் தாடி என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் குழி என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க, குழிதான். கல்லு, பாம்பு எல்லாம் கெடக்கு. அதான் இன்னிக்கு அந்தப் பக்கம் போக வேணாம்னு பாக்குறேன்."

"அப்ப விலைல அந்த மூலையும் சேந்ததா, சேராததா?"

"சேத்துத்தாங்க. தண்ணி இல்லாம நிலத்த வச்சு என்ன பண்ணுவீங்க? பத்திரம் முடியட்டும், மறுநாளே ஆள விட்டு மொத்தத்தையும் காலி பண்ணிக் குடுத்துடுறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

இப்போது புரிந்தது. ஒரு புல்லைக்கூடத் தொடாதே என்று அவன் சொன்னது அவளுக்கு எல்லை காட்ட இல்லை. அவளை மறைக்க. கொடியில் காயும் அவள் துணி, வாசலில் கிடக்கும் கால்மிதி, ஜன்னலில் இருக்கும் டப்பா, எதுவும் வாங்குகிறவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதற்கு வேலி போட ஆள் வைத்தால்கூட இவ்வளவு அடர்த்தியாகப் போட்டிருக்கமாட்டான். அவளே தன் கையால் சுற்றிச் சுற்றி வந்து, சுத்தமாக, ஓரம் பிசகாமல் தன்னை மறைத்துவிட்டு அதைப் பார்த்துப் பெருமையும் பட்டிருக்கிறாள். காலி பண்ணிக் கொடுக்கிறேன் என்கிறானே, அந்தக் கல்லும் பாம்பும் அவள்தான். கோபத்தைவிட வெட்கம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அழுகிய பழத்தைக்கூடக் கடைக்காரன் தலையில் கட்டிய தன் புத்தியை நினைத்தால் அசிங்கமாக இருந்தது.

நர்சரிக்காரருக்கு அந்தப் பதில் போதவில்லை. அவர் நேராக அவளிடம் வந்தார். "ஏம்மா, நீங்கதானே நடந்து பாத்து விட்டிருக்கீங்க. அங்க என்னதான் இருக்கு?"

அண்ணன் முந்திக்கொண்டான். "டிரைவரம்மா, உங்க வேல முடிஞ்சிடுச்சுல்ல. நீங்க கெளம்புங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்." சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. வாயைத் திறந்தால் நீ எங்களுக்கு யாருமில்லை என்று அந்தக் கண் சொன்னது. தெளிவாகவே சொன்னது.

அவள் தம்பியை இன்னொரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். 'அண்ணே, வேணாண்ணே' என்று அவன் முணுமுணுத்திருந்தால்கூட அவள் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், ரூம் போனால் போகிறது என்று. கூடப்பிறந்தவன் ஒருத்தனாவது மிஞ்சுவானே. தம்பி இரண்டாவது காலில் இருந்த முள்ளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான்.

"வாயால சொல்ல வேணாம் சார்" என்றாள் அவள். "வெட்டியே காட்டிடுறேன்."

சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். அண்ணன் ஏதோ சொன்னான், என்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கியரைப் போட்டு, புல்வெட்டியைத் தாழ்த்தி, நேராகத் தாடிக்குள் விட்டாள். ஆள் உயரக் கோரை மடமடவென்று சரிந்தது. இந்த ஒரு இடத்துக்குத்தான் அவள் நடந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. எங்கே கல் கிடக்கிறது, எங்கே குழாய் போகிறது என்று அவள் காலுக்கே தெரியும். போனாள், பின்னால் வந்தாள், மறுபடி போனாள்.

முதலில் தகரக் கூரை வெளியே வந்தது. பிறகு கொடியில் தொங்கிய அவள் துணிகள், நீல பெயின்ட் அடித்த கதவு. வாசலில் கவிழ்த்து வைத்த வாளி, பெயின்ட் டப்பாவில் காய்த்துக்கொண்டிருந்த மிளகாய்ச் செடி, கதவோரம் ஜோடியாக விட்டிருந்த ரப்பர் செருப்பு. கால்மிதி. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த சீப்பும் கண்ணாடியும். ஒரு பொம்பளை தனியாகக் குடித்தனம் பண்ணுகிறாள் என்று குழந்தைக்கும் தெரியும்.

வண்டியை அணைத்தாள். புல்லின் தூள் மெல்ல அடங்கியது. நர்சரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலின்னீங்களே" என்றார் அண்ணனிடம்.

"அது வந்துங்க... யாரோ வந்து தங்கியிருக்காங்க போல. எனக்கே இப்பத்தான் தெரியுது. பாத்துத் தொரத்திடுறேன்."

"யாரோ இல்ல சார்" என்றாள் புல்லுக்காரி. "நான்தான் இருக்கேன். இவருக்குத் தங்கச்சி. முள்ளு புடுங்கிக்கிட்டு இருக்கானே, அவனுக்கு அக்கா. எங்கப்பா நிலம் இது. எனக்கு இதுல ஒண்ணும் கெடையாது, எழுதிக் குடுத்துட்டேன். இந்த ரூம்ல இருந்துக்கோன்னு சொன்னாங்க, இருக்கேன். அவ்ளோதான் சார் அங்க இருக்குறது."

நர்சரிக்காரர் அந்த மிளகாய்ச் செடியையே பார்த்தார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டார். "நல்ல மண்ணு" என்றார். "ஆனா ஒருத்தர தொரத்திட்டு அந்த எடத்துல செடி வைக்க எனக்கு முடியாது. குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுட்டு வேற யாரையாவது பாருங்க." காரில் ஏறுவதற்கு முன்னால் அவளைப் பார்த்து, "வேல நல்லா பண்றீங்கம்மா" என்றார். அந்த நேரத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கார் ரோட்டில் திரும்பி மறையும்வரை அண்ணன் சிரித்த முகத்தோடு நின்றான். பிறகுதான் திரும்பினான்.

"நல்லா இருடி. உனக்கு வேற எடம் பாத்து வச்சிருந்தேன் தெரியுமா? பத்திரம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்ட."

"எந்த எடம்ணே?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த புல்தூளைத் தட்டிவிட்டான். இடம் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல.

"எந்த எடம்னு சொல்லு. நான் வேணா அவரு பின்னாலயே போயி, தப்பாச் சொல்லிட்டேன் சார், எங்கண்ணன் எனக்கு வீடு பாத்து வச்சிருக்காருன்னு சொல்றேன்."

"உன்கிட்ட என்ன பேச்சு. அப்பா போனப்பவே உன்னக் கைகழுவியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். தம்பி அவன் பின்னால் ஓடினான். ஓடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். என்ன பார்வை அது, மன்னிப்பா, குற்றம் சாட்டலா, என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி மட்டும் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அண்ணன் சொல்லச் சொன்னாரு. ரூம்ல நீ இருந்துக்கலாமாம். சொன்ன வார்த்தைய மீற மாட்டாராம்."

"பெரிய மனசு."

"ஆனா நிலத்துல ஒரு புல்லக்கூட நீ வெட்டக் கூடாதாம். அந்தத் தடத்தையும்தான். வண்டி உள்ள வரக் கூடாதாம். ரூம் உனக்கு, நிலம் எங்களுக்கு. நிலத்துல டயர் பட்டுச்சுன்னா போலீசுக்குப் போவேங்கிறாரு."

"வண்டி வராம நான் எப்படிடா பொழைக்கிறது?"

"நீ நடந்து வரலாம்க்கா. நடக்கறத ஒண்ணும் சொல்லல."

"நீ என்னடா சொல்ற?"

அவன் தலை குனிந்தான். வாசலில் பிடுங்க முள் எதுவும் இல்லாததால் கைக்கு வேலையில்லாமல் நின்றான். "நான் என்னக்கா சொல்றது. எல்லாம் அவருதான் பாக்குறாரு."

"போய்ட்டு வா" என்றாள் அவள்.

மழை வந்தது. ஒட்ட வெட்டிய நிலத்தில் வெயில் நன்றாக இறங்கியிருந்ததாலோ என்னவோ, புல் முன்னைவிடக் கொழுத்துக்கொண்டு வந்தது. கோரை இடுப்பைத் தாண்டியது, ஆமணக்கு தலையைத் தாண்டியது. தடம் மூடிக்கொண்டது. டிராக்டரை அவள் ஸ்பேனரின் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் நிறுத்திவைத்தாள். பகல் முழுக்க ஊரார் நிலத்தையெல்லாம் மழுமழுவென்று வெட்டிவிட்டு, சாயங்காலம் வண்டியை அங்கே விட்டுவிட்டு, கம்பால் தட்டிக்கொண்டே புல்லுக்குள் நுழைந்து வீட்டுக்குப் போனாள். ஒரு நாள் சாரைப்பாம்பு ஒன்று கால்மேல் ஏறிப் போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது.

ஸ்பேனருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாயங்காலம், வண்டியை நிறுத்திவிட்டு அவள் கம்பை எடுக்கும்போது சொன்னார்.

"ஏம்மா, ஊரு நிலத்தையெல்லாம் வெட்டுற. உன் வாசலுக்கு ஒரு வழி வெட்டிக்கக் கூடாதா? ஒரு ஞாயித்துக்கெழம, யாரும் இல்லாதப்ப ஒரே ஒரு ஓட்டு ஓட்டு. எவன் வந்து பாக்கப்போறான்? நான் வேணா கூட நிக்கிறேன்."

"அது எங்கண்ணன் புல்லு."

"அவரென்ன வெதச்சா வளத்தாரு?"

"இருந்தாலும் அவரு புல்லுதான். அவரு கூப்பிடட்டும், வெட்டுறேன்."

"கூப்பிடுவாரா?"

அவள் கம்பை ஊன்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வீம்புக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். வீம்பு இல்லை. இடுப்பில் போன் அடிக்கும்போதெல்லாம், கை கிரீஸாக இருந்தாலும் துடைக்காமல் எடுத்து, அண்ணன் நம்பரா என்றுதான் முதலில் பார்க்கிறாள். இவ்வளவு நடந்த பிறகும். அவன் கூப்பிட்டு, வந்து வெட்டிக் கொடு என்று ஒரு வார்த்தை சொன்னால், பேசாமல் போய் வண்டியை இறக்கிவிடுவாள், மூன்று சுற்றும் போவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் மேல் வருகிற ஆத்திரத்தையெல்லாம்விட, தன் மேலேயே வருகிற இந்த ஆத்திரத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.